சங்கப் பலகைக்கு வாடகை

“ஆள் தெரிந்தால்தான் புத்தகம் வரும்” என்ற புலம்பலை மதுரையில் கதை எழுதத் தொடங்கும் ஏறத்தாழ எல்லாரிடமும் கேட்கிறேன். “இனி யார் தயவும் வேண்டாம், நாமே போட்டுக்கொள்ளலாம்” என்ற குதூகலத்தையும் அதே வாய்களிலிருந்தே கேட்கிறேன். முன்னதில் பாதி உண்மை இருக்கிறது. பின்னதில் கால் பங்கு தேறினால் அதிகம். காலையில் முன்னதையும் மாலையில் பின்னதையும் ஒருவரே சொல்வதில் நமக்கு முரண் எதுவும் தெரிவதில்லை. இரண்டும் ஒரே கேள்வியைத் தவிர்ப்பதற்கான வழிகள் என்பதே காரணம். எழுதியதை அச்சுக்கு முன்னால் யார் படித்தார்கள் என்பது அந்தக் கேள்வி.

என்னிடம் முதுகலை படித்த ஒருவர், மேலூர்ப் பக்கத்துக் கண்மாய் ஒன்றின் நீர்ப்பங்கீட்டை மையமாக வைத்து ஒரு நாவல் எழுதினார். ஆறு ஆண்டு உழைப்பு. மடை திறக்கும் உரிமை ஒரு குடும்பத்திடமிருந்து இன்னொரு குடும்பத்துக்குப் போகும்போது ஊர் எப்படிப் பிளக்கிறது என்பதுதான் கதை. நான்கு பதிப்பகங்களுக்கு அனுப்பினார். மூன்றிலிருந்து பதில் இல்லை. நான்காவது பதிப்பகத்திலிருந்து ஒரே வாரத்தில் பாராட்டுக் கடிதம் வந்தது. தமிழ்ப் புனைவுக்குப் புது வரவு, மண்ணின் மணம், இன்னபிற. இரண்டாம் பக்கத்தில் மதிப்பீடு: 300 பிரதிகள், ‘ஆசிரியர் பங்களிப்பு’ 60,000 ரூபாய், அதற்கு ஈடாக ஆசிரியருக்கு 100 பிரதிகள். கடிதத்தில் அவருடைய நாவல் ‘சிறுகதைத் தொகுப்பு’ என்று குறிப்பிடப்பட்டிருந்தது. அத்தியாயத் தலைப்புகளைப் பார்த்து அவ்வாறு எண்ணியிருக்கலாம். முதல் பக்கத்துக்கு அப்பால் யாரும் போகவில்லை.

நான் அச்சகம் நடத்தும் ஒரு நண்பரிடம் கணக்குக் கேட்டேன். 320 பக்க நூலை 300 பிரதிகள் அச்சிட்டு, கட்டி, அட்டை போட்டு முடிக்க அந்தத் தொகை போதும், மிச்சமும் இருக்கும். ஆக, ஒரு பிரதிகூட விற்காமலே அந்தப் பதிப்பாளர் லாபத்தில் இருக்கிறார். விற்க வேண்டிய தேவை அவருக்கு இல்லை. விற்க வேண்டாதவருக்கு நல்ல பிரதி தேவையில்லை, செம்மையாக்குபவர் தேவையில்லை, பிழை திருத்துபவர்கூடத் தேவையில்லை. அவருடைய வாடிக்கையாளர் வாசகர் அல்லர், எழுத்தாளரே. இதைப் பதிப்பு என்று சொல்வது, கல்யாண மண்டபத்தை வாடகைக்கு விட்டவரைப் பெண்ணின் தகப்பனார் என்று சொல்வதைப் போன்றது.

இந்த வணிகம் வானத்திலிருந்து குதித்ததில்லை. இதை வளர்த்ததில் எங்கள் தொழிலுக்குப் பெரும்பங்கு உண்டு. பல்கலைக்கழக மானியக் குழு 2010இல் கொண்டுவந்த விதிமுறைகள், கல்லூரி ஆசிரியரின் பதவி உயர்வை மதிப்பெண்களோடு இணைத்தன. பன்னாட்டுத் தர எண் கொண்ட நூலுக்கு இத்தனை மதிப்பெண், கட்டுரைக்கு இத்தனை. அந்த ஆணையின் மை காய்வதற்குள், கருத்தரங்கக் கட்டுரைகளைத் தொகுத்து எண் வாங்கித் தரும் கடைகள் முளைத்தன. பணம் கட்டினால் நூல். நூல் வந்தால் மதிப்பெண். மதிப்பெண் சேர்ந்தால் உயர்வு. நூலை யாரும் படிக்க வேண்டியதில்லை என்பது இந்த ஏற்பாட்டில் எல்லாத் தரப்புக்கும் தெரிந்த செய்தி. இதில் தொழில் பழகியவர்கள் நாவலாசிரியரிடம் வந்து சேர்ந்ததில் வியக்க ஒன்றுமில்லை. படிக்கப்படாத நூலைப் போடுவதில் கைதேர்ந்தவர்கள் அவர்கள்.

இனி ‘ஆள் தெரிந்தால்தான்’ என்ற பக்கத்துக்கு வருவோம்.

தமிழ்ப் பதிப்புலகின் பொருளாதாரத்தைப் புரிந்துகொள்ளாமல் குழு அரசியலை மட்டும் வைவதில் பயனில்லை. நெடுங்காலம் 1200 என்பது இங்கே ஒரு மந்திர எண். ஒரு நூல் அச்சாகும் பிரதிகள் அவ்வளவுதான். கோடிக்கணக்கானோர் பேசும் மொழியில் இந்த எண்ணைச் சொல்லவே கூச்சமாக இருக்கிறது. அந்த 1200இலும் பெரும்பகுதி பொது நூலகத்துறையின் ஆணையை நம்பி அச்சடிக்கப்பட்டது. 1948ஆம் ஆண்டின் பொது நூலகச் சட்டம் தமிழகத்துக்குக் கிடைத்த பெரும்பேறு. ரங்கநாதனின் கனவு அது. நாம் கட்டும் சொத்து வரியோடு ரூபாய்க்கு 10 காசு நூலக வரியாகச் சேர்கிறது. மேலூரில் ஓட்டு வீட்டுக்கு வரி கட்டுகிறவரும் தமிழ் நாவலுக்குப் புரவலர்தான்; அவருக்கு அது தெரியாது, அவ்வளவே.

அந்தப் பணத்தைக் கொண்டு எந்த நூலை வாங்குவது என்பதைச் சிலர் முடிவு செய்கிறார்கள். விலை நூலின் பின்னட்டையைப் பார்த்து வந்ததில்லை; 16 பக்கம் கொண்ட ஃபாரத்துக்கு இவ்வளவு என்று கணக்கிடப்பட்டு வந்தது. ஆகவேதான் நூலக அடுக்கில் உள்ள பல நூல்களில் எழுத்துகள் குழந்தைகளுக்கானவைபோல் பெருத்தும், ஓரங்கள் கண்மாய்க் கரைபோல் அகன்றும் கிடக்கின்றன. ஆணை வரும் ஆண்டும் உண்டு, வராத ஆண்டும் உண்டு. வந்தாலும் எந்த நூல் எதனால் எடுக்கப்பட்டது, எது எதனால் ஒதுக்கப்பட்டது என்று எழுதியவருக்குக் காரணம் வருவதில்லை. அண்மை ஆண்டுகளில் விண்ணப்பங்களை இணையவழியாகப் பெறும் முறை வந்திருக்கிறது, வரவேற்கிறேன். விண்ணப்பம் போகும் வழி தெரிவதும் முடிவு எடுக்கப்படும் வழி தெரிவதும் ஒன்றல்ல.

ஒரே ஒரு பெரிய கொள்முதலாளர் இருக்கும் சந்தையில் சலுகை என்பது தனிமனிதக் குணக்கேடு அன்று, அது கட்டமைப்பின் விளைவு. பதிப்பாளருக்கு ஆணை பெற்றுத் தரக்கூடிய பெயர்கள் தேவை. அணிந்துரைக்கு ஒரு முன்னாள் துணைவேந்தர், வெளியீட்டு விழாவுக்கு ஓர் அமைச்சர், பெற்றுக்கொள்ள ஒரு திரைப்பட இயக்குநர். உசிலம்பட்டியில் தொடக்கப்பள்ளி ஆசிரியராக இருந்துகொண்டு முதல் நாவலை எழுதியவரிடம் இவற்றில் எது இருக்கும்?

சிற்றிதழ் வழிவந்த பதிப்பகங்கள் இந்த நூலகச் சங்கிலியிலிருந்து ஓரளவு விடுபட்டவை. அவை தமிழுக்குச் செய்ததைக் குறைத்து மதிப்பிடுவது நன்றிகெட்ட செயல். ஆனால் அங்கே இதழும் பதிப்பகமும் ஒரே கூரையின்கீழ் இருக்கின்றன. இதழில் எழுதியவருக்கு நூல் வருகிறது. நூல் வந்தவருக்கு இதழில் மதிப்புரை வருகிறது. மதிப்புரை எழுதியவருக்கு அடுத்த ஆண்டு நூல் வருகிறது. ஒவ்வொன்றாகப் பார்த்தால் எதிலும் குற்றம் சொல்ல முடியாது. சேர்த்துப் பார்த்தால் ஒரு வட்டம் தெரிகிறது, அந்த வட்டத்தின் ஆரம் பெரும்பாலும் சென்னையிலிருந்தோ நாகர்கோவிலிலிருந்தோ அளக்கப்படுகிறது. வெளியே நிற்பவர் உள்ளே வர வழி என்ன? பிரதியா, பழக்கமா?

மதுரைக்காரர்களுக்கு இந்தக் கேள்வி பழையது. தருமியின் கதையை நாம் பக்திக் கதையாகவும் திரைப்படக் காட்சியாகவும் பார்த்துப் பழகிவிட்டோம். அதைப் பதிப்புக் கதையாகப் படித்துப் பாருங்கள். ஆயிரம் பொன் பரிசு. எழுதத் தெரியாத ஓர் ஏழை, வேறொருவர் எழுதிய கவிதையைத் தன் பெயரில் கொண்டுவருகிறான். எழுதியவரோ ஊருக்கே உரிமையாளர். அதைவிடப் பெரிய சிபாரிசு மூவுலகிலும் கிடையாது. அவையில் இருந்த ஒருவர் சிபாரிசைப் பார்க்கவில்லை, பாட்டைப் பார்த்தார். நக்கீரர் சொன்ன குற்றம் சரிதானா என்பது வேறு விவாதம்; குறுந்தொகையின் 2ஆம் பாடலாக அந்தக் கவிதை இன்றும் நிலைத்திருப்பதைப் பார்த்தால் தொகுத்தவர் அவரோடு உடன்படவில்லை என்று தெரிகிறது. ஆனாலும் அவர் படித்தார். படித்துவிட்டுத் தன் பெயரைப் போட்டு மறுத்தார், காரணமும் சொன்னார். மறுக்கப்படுவது அவமானமில்லை. படிக்காமல் மறுக்கப்படுவதும் படிக்காமல் பாராட்டப்படுவதும்தான் அவமானம். நம் இன்றைய பலகையில் நெற்றிக்கண் இருக்கிறதா என்று முதலில் பார்க்கிறார்கள். இல்லையென்றால் வாடகை எவ்வளவு தருவாய் என்று கேட்கிறார்கள்.

சொந்தமாகப் போட்டுக்கொள்வது இழிவா என்று சிலர் கேட்பதுண்டு. இந்த மண்ணில் அப்படிக் கேட்பதே அறியாமை. சீவக சிந்தாமணிப் பதிப்புக்கு உ.வே. சாமிநாதையர் கையொப்பம் சேர்த்து அலைந்துதான் 1887இல் அச்சேற்றினார். இன்று ‘முன்வெளியீட்டுத் திட்டம்’ என்று நாம் சொல்வது அந்தக் கையொப்பத்தின் பேரப்பிள்ளை. பாரதியின் முதல் அச்சுக் கவிதை 1904 ஜூலையில் மதுரையின் விவேகபாநு இதழில் வந்தது. அடுத்த மாதமே சேதுபதி பள்ளியில் தற்காலிகத் தமிழாசிரியராகச் சேர்ந்தார். அதே பாரதி 1920இல் தன் எழுத்துகள் அனைத்தையும் 40 நூல்களாக, நூலுக்கு 10,000 பிரதிகள் வீதம் அச்சிட நண்பர்களிடம் கடன் கேட்டுச் சுற்றறிக்கை அனுப்பினார். மண்ணெண்ணெய், தீப்பெட்டி விற்பதைப்போல் தன் நூல்கள் விற்கும் என்று நம்பினார். பணம் வரவில்லை. அடுத்த ஆண்டு இறந்துபோனார். 10,000 என்று அவர் கண்ட கனவுக்கும் 1200 என்று நாம் பழகிய நடப்புக்கும் இடையில் ஒரு நூற்றாண்டு வீணாகியிருக்கிறது.

நம் ஊர்க்காரர் ஜி. நாகராஜன். தனிப்பயிற்சிக் கல்லூரிகளில் கணிதம் சொல்லிக்கொடுத்தவர். ‘குறத்தி முடுக்கு’ 1963இல் வந்தபோது அதை வெளியிட்டது ‘பித்தன் பட்டறை’. எந்தப் பெரிய பதிப்பகமும் அன்று தொட்டிருக்க முடியாத பொருள் அது. ‘நாளை மற்றுமொரு நாளே’ 1974இல் வந்தது. 1981இல் மதுரை அரசு மருத்துவமனையில் அவர் இறந்தார். அவருடைய படைப்புகள் ஒரே தொகுதியாகக் காலச்சுவடு வழியே வந்தது 1997இல். ‘நல்ல எழுத்து எப்படியும் தன் வழியைக் கண்டுகொள்ளும்’ என்று மேடைகளில் ஆறுதல் சொல்பவர்கள் இந்த ஆண்டுகளைக் கூட்டிக் கழித்துப் பார்க்கட்டும். வழியைக் கண்டுகொண்டது உண்மை. எழுதியவர் இறந்து 16 ஆண்டுகளுக்குப் பிறகு.

வத்தலக்குண்டு இன்னும் வியப்பான ஊர். ‘கமலாம்பாள் சரித்திரம்’ எழுதிய ராஜமய்யர், மணிக்கொடியின் பி.எஸ். ராமையா, சி.சு. செல்லப்பா என மூவரும் அந்த ஒரே ஊர். செல்லப்பா 1959 ஜனவரியில் ‘எழுத்து’ இதழைத் தொடங்கினார், 1970 வரை நடத்தினார், 119 இதழ்கள். எழுத்து பிரசுரத்தின் நூல்களைப் பையில் சுமந்துகொண்டு கல்லூரி கல்லூரியாக ஏறி இறங்கினார் என்பதைத் தமிழ்த்துறைகளில் நாங்கள் இன்றும் கதையாகச் சொல்கிறோம். எத்தனை துறைகள் அன்று வாங்கின என்பதைச் சொல்வதில்லை. ‘வாடிவாசல்’ அந்தப் பிரசுரத்தில் வந்த நூல்தான். இன்று பதிப்புக்குமேல் பதிப்பு காண்கிறது. ‘சுதந்திர தாகம்’ நாவலை மூன்று பாகங்களாக, எண்பதை நெருங்கிய வயதையும் தாண்டி, 1997இல் சொந்தச் செலவில் கொண்டுவந்தார். 1998 டிசம்பரில் மறைந்தார். சாகித்திய அகாதெமி விருது 2001இல்!

செல்லப்பாவைச் சுயபதிப்பின் முன்னோடியாகக் காட்டிக்கொள்ள இன்று பலருக்கு ஆசை. அவர் கையில் இருந்தது பணப்பை அன்று, செம்பென்சில். விமர்சனத்துக்கென்றே இதழ் நடத்தியவர், தனக்கு வேண்டியவர் என்பதற்காக ஒரு வரியையும் விட்டுவைத்ததாகத் தெரியவில்லை. ‘புதுக்குரல்கள்’ தொகுப்பை 1962இல் அவர் கொண்டுவந்தபோது அதன் பின்னால் ஒரு தேர்வு இருந்தது, தேர்வுக்குப் பின்னால் ஒரு கொள்கை இருந்தது. அதோடு ஒருவர் சண்டை போடலாம். சண்டை போடுவதற்கு ஒரு கொள்கையாவது வேண்டுமே! சிவகங்கையில் 1974இல் அன்னம் பதிப்பகத்தைத் தொடங்கிய மீராவும் அப்படித்தான். அவர் கல்லூரிப் பேராசிரியர். மதுரையிலிருந்து பேருந்தில் ஒரு மணி நேரத் தொலைவில் இருந்துகொண்டு, தலைநகரைச் சார்ந்து நிற்காமல், கி. ராஜநாராயணன் முதல் முகமறியாத இளம் கவிஞர் வரை அச்சேற்றினார். தன் ரசனையை அடகு வைத்துத் தொழில் செய்யவில்லை. இவர்களைச் ‘சுதந்திரப் பதிப்பு’ என்று சொல்லலாம். பணம் வாங்கிக்கொண்டு எதையும் அச்சிடுகிறவரும் தன்னை அதே பெயரால் அழைத்துக்கொள்கிறார்.

மின்னூல் வந்ததும் நம்மில் பலர் விடுதலை வந்துவிட்டதாகவே கூத்தாடினோம். கிண்டில் 2016 இறுதியில் தமிழை ஏற்றது. அச்சுக்கூலி இல்லை, கிடங்கு இல்லை, ஆசிரியருக்கு விலையில் 35 அல்லது 70 விழுக்காடு. அச்சு நூலில் 10 விழுக்காடு என்பது மரபு, அதுவும் கணக்கு வந்தால். ஒப்பிட்டால் மயக்கம் வரத்தான் செய்யும். பிறகு போட்டி வந்தது. வாசகர் விற்பனையும் மதிப்பீடும் இறுதிச்சுற்றுக்கு வழி என்றார்கள். அதன்பின் நடந்ததை உள்ளாட்சித் தேர்தல் கண்ட எவரும் ஊகிக்கலாம். சித்தப்பா ஐந்து நட்சத்திரம், அலுவலக நண்பர் ஐந்து நட்சத்திரம், எதிரணி ஒரு நட்சத்திரம். படிக்காமல் பாராட்டும் அதே நோய், அங்கே அணிந்துரையாக இருந்தது, இங்கே நட்சத்திரமாக மாறியது. பழைய வாயிற்காவலரிடம் ஒரு முகம் இருந்தது; திட்டலாம், கடிதம் எழுதலாம். புதியவர் ஒரு கணக்கீட்டு நிரல்.

இடையில் ஒன்றைச் சொல்ல வேண்டும். ரமணிசந்திரன் வழியில் இணையத்தில் தொடர்கதை எழுதும் பெண்களை நம் இலக்கிய வட்டங்கள் ஏளனத்தோடு பார்க்கின்றன. பிரதிலிபி போன்ற தளங்களில் அவர்கள் வாரந்தோறும் வாசகரைச் சந்திக்கிறார்கள், அத்தியாயத்துக்கு அத்தியாயம் வசை வாங்குகிறார்கள், எழுதிப் பிழைக்கவும் சிலரால் முடிகிறது. அவர்களுடைய கதைகள் எனக்கு உவப்பானவை அல்ல. ஆனால் எவருடைய அணிந்துரையும் இல்லாமல் வாசகரைக் கண்டுகொண்டவர்கள் அவர்கள்தாம். 300 பிரதியில் 250ஐக் கட்டிலுக்கடியில் வைத்திருக்கும் நமக்கு ஏளனம் செய்ய என்ன தகுதி?

எல்லாக் கதவும் மூடியிருக்கிறது என்றும் நான் சொல்லவில்லை. மதுரையின் ஆறு நூற்றாண்டுகளை எழுதிய ‘காவல் கோட்டம்’ 1000 பக்கங்களைத் தாண்டிய முதல் நாவல். 2008இல் தமிழினி அதைத் துணிந்து வெளியிட்டது. 2011இல் அகாதெமி விருது பெற்றது. அந்நாவல் பற்றி எனக்கு மாற்றுக் கருத்துகள் உண்டு. ஆனால் ஒரு முதல் நாவலை, அதுவும் அந்தப் பருமனில், படித்து முடிவெடுத்த ஒரு பதிப்பாளர் இருந்தார் என்பதுதான் இங்கே செய்தி. அத்தகையவர்கள் விதிவிலக்காக இருக்கும்வரை நம் சூழல் நோயுற்றதே.

கேரளத்தைப் பாருங்கள் என்று சொன்னால் நம்மவர்களுக்குக் கோபம் வரும். வரட்டும். 1945இல் கோட்டயத்தில் 12 எழுத்தாளர்கள் 120 ரூபாய் முதலில் சாகித்திய பிரவர்த்தகக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார்கள். எம்.பி. பால், காரூர் நீலகண்டப் பிள்ளை போன்றோர் முன்னின்றனர். ஆசிரியருக்கு 30 விழுக்காடு உரிமைத்தொகை தந்த நிறுவனம் அது. பிற்காலத்தில் அதற்குள்ளும் பூசல் புகுந்தது, நலிவு வந்தது; அதன் செயலாளராக இருந்த டி.சி. கிழக்கேமுறி வெளியேறி 1974இல் தன் பெயரில் பதிப்பகம் தொடங்கினார். ஆனாலும் ஒரு தலைமுறை மலையாள எழுத்தாளர்கள், தங்கள் பிரதியைத் தாங்களே படித்து, தாங்களே தேர்ந்து, தாங்களே விற்றார்கள். மலையாளிக்கும் நமக்கும் நடுவில் இருப்பது ஒரு மலைத்தொடர்தான். நம்மால் 12 பேர் ஒரு மேசையில் அரை மணி நேரம் சண்டையில்லாமல் உட்கார முடியாது என்பதால் 60,000 ரூபாய் கொடுத்து ஒரு சின்னத்தை வாங்குகிறோம்.

பதிப்பாளர் தர்ம சத்திரம் நடத்தவில்லை, அதுவும் ஒரு தொழில்தான் என்பார்கள். ஒப்புக்கொள்கிறேன். தொழில் என்றால் தொழிலுக்குரிய நாணயம் வேண்டும். நூலின் உரிமைப் பக்கத்தில் தாளின் எடைவரை அச்சிடுகிறோமே, எத்தனை பிரதிகள் அச்சாயின, செலவு யாருடையது, பிரதியைச் செம்மையாக்கியவர் யார் என்பதையும் அச்சிடலாமே. சொந்தச் செலவு என்று அச்சிடுவதில் எந்தக் கேவலமும் இல்லை. செல்லப்பாவோடு ஒரே வரிசையில் நிற்கிறீர்கள். ‘முதல் பதிப்பு’, ‘இரண்டாம் பதிப்பு’ என்று 50 பிரதிக்கொரு தடவை அட்டையை மாற்றும் வித்தையும் அப்போது நின்றுபோகும். பாடத்திட்டக் குழுக்களுக்கும் இது பொருந்தும். ஒரு குழுவில் அமர்ந்திருந்தபோது, முன்மொழியப்பட்ட நாவலை முழுமையாகப் படித்தவர் யார் என்று கேட்டேன். தேநீர் வந்துவிட்டது. நாவல் பாடமாகிவிட்டது. நாவலை முன்மொழிகிறவர் அதைப் பற்றி இரண்டு பக்கம் எழுதித் தன் பெயரோடு தரவேண்டும் என்று ஒரு விதி போதும், பாதிச் சிபாரிசுகள் மேசைக்கே வராது.

நத்தம் சாலையில் கலைஞர் நூற்றாண்டு நூலகம் 2023 ஜூலை 15இல் திறக்கப்பட்டது. அழகான கட்டடம்; என் மாணவர்கள் அங்கே போய்ப் படிப்பதைப் பார்க்கையில் மனம் நிறைகிறது. போட்டித் தேர்வுக்குத்தான் படிக்கிறார்கள் என்று குறைசொல்கிறவர்களோடு நான் சேரமாட்டேன். அந்த அடுக்குகளுக்குத் தமிழ்ப் புனைவுகள் எந்த அளவுகோலில் வந்து சேருகின்றன, விண்ணப்பித்தவற்றில் எவை ஒதுக்கப்பட்டன, ஒதுக்கியவர்கள் எழுதிய காரணம் என்ன என்பதை வரி கட்டும் எவரும் கேட்கலாம். தகவல் பெறும் உரிமைச் சட்டம் 2005 முதல் இருக்கிறது. மனுவுக்குக் கட்டணம் 10 ரூபாய். என் மனுவில் மூன்று கேள்விகள் எழுதி வைத்திருக்கிறேன். மேலூர்க்காரரும் உசிலம்பட்டிக்காரரும் திருமங்கலத்துக்காரரும் ஆளுக்கொன்று போட்டால், அலுவலகத்தில் யாராவது ஒருவர் அந்த நூல்களை எடுத்துப் பார்க்க வேண்டிவரும்.